எதிர்வாதி இருந்த அவை

காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை வரிசையாகச் சொல்லிவரும் பட்டினப்பாலை, கோயில் வாயிலில் ஏற்றிய கொடி, மரக்கலங்களின் கொடி, கள் விற்கும் இடத்தின் கொடி இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறது. பல துறை கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் வாதுக்கு அழைத்து ஏற்றிய கொடி அது. தன் கருத்தை மறுக்க வல்லவர் எவராயினும் வரலாம் என்பதே அந்தக் கொடி சொன்ன சேதி. அதே நகரில் பட்டிமண்டபம் ஒன்று இருந்ததையும், அது மகத வேந்தன் சோழனுக்குக் கொடுத்தது என்பதையும் சிலப்பதிகாரம் தெரிவிக்கிறது. 28 நாள் நடக்கும் இந்திர விழாவுக்கு முரசறைவதோடு தொடங்கும் மணிமேகலையில், முரசறைபவன் சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்கிறான். தொடர்ந்து, எதிரே வருபவர் பகைவரே ஆனாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்று ஊராருக்குச் சொல்கிறான். மாற்றுக் கருத்துக்காரர்கள் ஒரே மேடையில் ஏறினால் கைகலப்பு வரக்கூடும் என்பது தெரிந்தேதான் அவர்களை ஏறச் சொன்னார்கள்.

வாதத்துக்கு விதிகள் இருந்தன. பெரும்பாலும் வடமொழித் தருக்க நூல்களில் உருவாகி, தமிழில் தமிழ்ப் பெயர் பெற்றவை அவை. நியாய சூத்திரம் வாதுப் பேச்சை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக இருவர் பேசுவது வாதம். எப்படியாவது வெல்வதற்காகப் பேசுவது செற்பம். தனக்கென்று ஒரு கொள்கையை நிறுவாமல் எதிராளியின் கொள்கையை உடைப்பதோடு நிற்பது விதண்டை. 22 தோல்வித்தானங்களையும் அந்நூல் பட்டியலிடுகிறது. முதலில் சொன்னதைக் கைவிடுவது, பேச்சை வேறு பொருளுக்குத் திருப்புவது, மும்முறை சொல்லியும் அவைக்கும் எதிராளிக்கும் விளங்காதபடி பேசுவது எல்லாம் தோல்வியாகவே கொள்ளப்பட்டன. அவற்றுள் ஒன்று தனியாகக் கவனிக்கத் தக்கது: எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடியாமல் நிற்பதும் தோல்வி. ஒரு கருத்தை மறுக்க வேண்டுமானால் அதை முதலில் அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்க வேண்டும் என்ற பூர்வபட்ச மரபுக்கும் இந்த விதிக்கும் அடிப்படை ஒன்றே.

இதைவிட நடைமுறை அறிவு மிகுந்தது மருத்துவ நூலான சரக சம்ஹிதை. மருத்துவர்கள் கூடிப் பேசுவதை அது நட்போடு பேசுவது, மாறுபட்டுப் பேசுவது என்று இரண்டாக்குகிறது. பிறகு பேசுபவரை விட்டுவிட்டுக் கேட்பவர்களிடம் திரும்புகிறது. அவை அறிவுடையதாக இருக்கலாம், அறிவற்றதாக இருக்கலாம். நட்பான அவை, நடுநிலை அவை, ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட அவை என்றும் அது பிரியும். ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட அவையில், அது கற்றோர் அவையே ஆனாலும், எவரோடும் வாதிடக் கூடாது என்கிறது சரகம். முடிவை முன்பே எடுத்துவிட்டுக் கூடியிருக்கும் கூட்டத்தில் வாதத்துக்கு வேலை இல்லை என்பதை இந்த மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

தமிழில் இந்தத் தருக்கக் கல்வியின் விரிவான பழஞ்சான்று மணிமேகலையின் 29ஆம் காதை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பியத் தலைவி மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலைக் கற்பிக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று தவறான வாதங்களின் வகைகள் எடுத்துக்காட்டுகளோடு விரிகின்றன. வடமொழியின் நியாயப்பிரவேசத்தோடு இந்தப் பகுதி நெருக்கமாக ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். காப்பியச் சுவை தேடி வருபவர்களுக்கு அலுப்பூட்டும் காதைதான். ஆனால் ஒரு துறவுப் பெண்ணுக்கு அறம் சொல்வதற்கு முன் பொய்வாதத்தை இனங்காணும் பயிற்சி தேவை என்று காப்பிய ஆசிரியர் சாத்தனார் கருதினார் என்பது சிறிய செய்தி அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரின் நன்னூலும் நூலாசிரியர் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று கூறும்போது, பிறர் கருத்துக்கு உடன்படுவதை முதலிலும் மறுப்பதை அடுத்தும் வைக்கிறது. பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பின்னர் களைவதும், இருவர் மாறுபட்டுச் சொன்னவற்றுள் ஒன்றைத் துணிவதும் அந்த ஏழில் அடங்கும்.

விதிகள் ஏட்டில் இருப்பது வேறு, அவையில் நடப்பது வேறு. அவையில் நடந்ததன் இலக்கிய வடிவத்தை மணிமேகலையின் 27ஆம் காதை தருகிறது. மணிமேகலை மாதவன் வடிவம் கொண்டு வஞ்சி நகருக்கு வந்து, பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று பத்துப் பேர் வரிசையாகப் பேசுகிறார்கள். எழுதியவர் பௌத்தர், நூலின் முடிவும் பௌத்தமே. ஆனாலும் அந்தப் பத்துப் பேரில் பலர் தடையின்றிப் பேசுகிறார்கள். ஆசீவகர்களின் அணுக் கொள்கை, வைசேடிகர்களின் பொருள் வகைப்பாடு, சாங்கியரின் தத்துவ வரிசை ஆகியவற்றைத் தமிழ்வழி அறிய விரும்புபவர் இன்றும் இந்தக் காதைக்கே வருகிறார். எல்லாருக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கவில்லை. சைவவாதியும் வைணவவாதியும் சில வரிகளில் முடிந்துபோகிறார்கள். சாத்தனாரின் நடுநிலைக்கும் எல்லை உண்டு.

மணிமேகலை வெளிப்படையாக மடக்குவது கடைசியில் வரும் பூதவாதியை. காட்டாத்திப் பூவையும் வெல்லக்கட்டியையும் கூட்டினால் வெறி பிறப்பதுபோல், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது. கண்ணால் காண்பதைத் தவிர வேறு அளவை இல்லை என்பது அவன் கட்சி. அவள் சிரித்துக்கொண்டே, உன் தாய் தந்தையர் இன்னார் என்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்கிறாள். விடை கூர்மையானது. அது கூர்மையாக இருப்பதற்குக் காரணம், அதற்கு முன் பூதவாதி தன் கட்சியைக் குறையின்றிச் சொல்ல விடப்பட்டிருப்பது. கந்தல் உடுத்திய பொம்மையை நிறுத்தி அடித்திருந்தால் அந்தக் கேள்விக்கு இவ்வளவு வலு வந்திராது.

குண்டலகேசியும் நீலகேசியும் வாதத்தையே கதையாக்கிய காப்பியங்கள். பௌத்த மரபுக் கதையில் குண்டலகேசி முதலில் சமணத் துறவி. ஊர் ஊராகச் சென்று ஊர் எல்லையில் நாவல் கிளை ஒன்றை நடுவாள். வாதிட விரும்புபவர் அதை மிதித்துத் தள்ளலாம். சாரிபுத்தரிடம் தோற்றுப் பௌத்தத்தைத் தழுவினாள். இதற்குச் சமணர்கள் சொன்ன மறுமொழி நீலகேசி. பேய் உருவில் வந்து சமண முனிவரால் திருந்திய நீலகேசி என்பவள் குண்டலகேசி, மொக்கலன் ஆகியோரைத் தேடிச் சென்று வாதிட்டு, கடைசியில் புத்தரையே எதிர்கொள்கிறாள். பிறகு ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் என்று வரிசை நீள்கிறது. சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரையோடு இந்நூல் முழுமையாகக் கிடைக்கிறது, 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் அதைப் பதிப்பித்தார். குண்டலகேசியோ அழிந்துவிட்டது. எஞ்சியவை இருபதுக்கும் குறைவான பாடல்கள். அந்தக் காப்பியம் என்ன வாதிட்டது என்பதை அறிய நீலகேசியையும் அதன் உரையையும் விட்டால் பெரிதாக வழி இல்லை. மறுக்க வந்தவர் மறுக்கப்பட்டதை மேற்கோள் காட்டும் பழக்கம் உடையவராக இருந்ததால், தோற்றதாகச் சொல்லப்பட்ட கட்சிக்கு இவ்வளவாவது மிச்சம்.

7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் இத்தகைய வாதங்கள் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற கேலி நாடகமே சாட்சி. கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் அதைத் திருடியவர் பௌத்தத் துறவி என்று சண்டை பிடிக்கிறான். இருவரும் சாத்திரச் சொற்களை அள்ளி வீசுகிறார்கள். பாசுபதன் நடுவராக வருகிறான். கபாலத்தைத் தூக்கிச் சென்றது ஒரு நாய். வாதத்தில் ஊறிய ஊராக இல்லாவிட்டால் இந்தக் கேலி அங்கே எடுபட்டிருக்காது. அந்த நூற்றாண்டிலேயே வாதத்தின் தன்மை மாறியது.

பக்தி இயக்கத்தின் வலிமை பாட்டில் இருந்தது. திருஞானசம்பந்தரின் பதிகங்களில் பத்தாம் பாடல் பெரும்பாலும் சமணரையும் பௌத்தரையும் சாடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கோயில் கோயிலாக அடியார்கள் சேர்ந்து பாடும் பாட்டு அது. சாடப்பட்டவர் அங்கே நின்று மறுமொழி சொல்ல இடமில்லை. மணிமேகலையில் சமயவாதிகளுக்குக் கிடைத்த தனித்தனி அடையாளம் இங்கே இல்லை. உடை, உணவு, குளியாமை போன்றவையே அவர்களுடைய அடையாளங்கள் ஆகின்றன. பாட்டுக்குரிய நியாயம் வேறு, தருக்கத்துக்குரிய நியாயம் வேறு என்பது உண்மைதான். ஆனால் ஒரு சமூகம் தன் எதிராளியைப் பாட்டு வழியாக மட்டும் அறியத் தொடங்கினால், அவன் கொள்கை என்ன என்று கேட்க வேண்டிய தேவையே அதற்கு எழாமல் போகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் மதுரையில் சம்பந்தர் சமணரோடு செய்த வாதத்தை விரித்துரைக்கிறது. ஏடுகளை நெருப்பில் இட்டது அனல் வாதம். வைகை வெள்ளத்தில் விட்டது புனல் வாதம். சம்பந்தரின் ஏடு நெருப்பில் வேகாமல் பசுமையாக இருந்தது. ஆற்றை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் தங்கியது. தோற்றால் கழுவேறுவோம் என்று சமணர்களே முன்பு சொன்னதாகவும், அப்படியே 8,000 பேர் கழுவேறியதாகவும் சேக்கிழார் சொல்கிறார். சம்பந்தரின் பாடல்கள் வாதத்தைக் குறிக்கின்றன, கழுவேற்றத்தைச் சொல்லவில்லை. ஆகையால் அதன் வரலாற்று உண்மையை ஆய்வாளர் பலர் ஐயுறுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, வாதம் என்றால் என்ன என்று 12ஆம் நூற்றாண்டுச் சைவ உலகம் கருதியது என்பதற்கு அந்தக் கதை ஆவணம். ஏட்டில் என்ன எழுதியிருந்தது என்பது அதில் எடைபோடப்படவில்லை. நெருப்பும் நீரும் தீர்ப்புச் சொல்கின்றன. அரசன் தண்டனை தருகிறான்.

அரசவை வாதங்களின் இயல்பை வைணவக் குருபரம்பரை நூல்கள் இன்னொரு கோணத்தில் காட்டுகின்றன. நாதமுனிகளின் பேரரான யாமுனர் சிறுவராக இருந்தபோது, மற்ற பண்டிதர்களிடம் கப்பம் வாங்கிவந்த ஆக்கியாழ்வான் என்ற அவைப்புலவரை எதிர்த்து நின்றார். மூன்று கூற்றுகளைச் சொல்லி, முடிந்தால் இவற்றை மறுத்துப் பாரும் என்றார்: உம் தாய் மலடி அல்லள், அரசன் அறவோன், அரசி கற்புடையவள். அரசனும் அரசியும் உட்கார்ந்திருக்கும் அவையில் பின்னிரண்டையும் மறுக்க எந்தப் புலவருக்கு நாக்கு எழும்? பிறகு யாமுனரே சாத்திரத்தின் துணையோடு மூன்றையும் மறுத்து வென்றார். ஆளவந்தார் என்ற பெயர் அதனால் அமைந்தது என்பது கதை. நியாய சூத்திரத்தின் அளவுகோலில் இது செற்பம்தான். ஆனால் அவைப்புலவரின் வாயைக் கட்டியது தருக்கம் அல்ல, அவையில் இருந்தவர்களைப் பற்றிய அச்சம் என்பதை அந்தச் சிறுவர் எல்லார் முன்னும் வெட்டவெளிச்சம் ஆக்கினார். பாலி நூலான மிலிந்த பஞ்ஹா வாதத்தைப் பண்டிதர் முறை என்றும் அரசர் முறை என்றும் பிரிப்பதும் இதே காரணத்தால்தான். பண்டிதர் தவறு சுட்டப்பட்டால் சினம் கொள்வதில்லை. அரசனோ மாறுபட்டவனைத் தண்டிக்கச் சொல்வான்.

திருவரங்கத்தில் இராமானுசருக்கும் அத்வைதியான யக்ஞமூர்த்திக்கும் நடந்த வாதம் இன்னொரு வகை. 17 நாள் வெற்றி தோல்வி தெரியாமல் நீண்டு, அதன்பின் யக்ஞமூர்த்தி இராமானுசரை ஏற்றார் என்கிறது குருபரம்பரை. தோற்றவருக்குக் கழுமரம் இல்லை. அருளாளப் பெருமாள் எம்பெருமானார் என்ற பெயரோடு அவர் மடத்தில் மதிப்புடன் இருந்து, ஞானசாரம், பிரமேயசாரம் ஆகிய தமிழ் நூல்களை எழுதினார்.

13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தம் சாத்திர வடிவம் பெற்றபோது பழைய முறை ஏட்டில் மீண்டும் வந்தது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் இரண்டு பகுதிகளைக் கொண்டது: பிறர் கொள்கையை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கம், தன் கொள்கையை நிறுவும் சுபக்கம். பரபக்கத்தில் பொருள்முதல்வாதியான உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை 14 தரப்புகள் வருகின்றன. பௌத்தர்கள் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்யமிகர், வைபாடிகர் என்று நான்கு பிரிவாகவே நிற்கிறார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் முதலில் அதன் மதம், பிறகு அதன் மறுதலை என்பது அமைப்பு. அருணந்தியின் நடை சில இடங்களில் ஏளனத்தில் இறங்கும். உலகாயதனிடம் அவருக்குப் பொறுமை குறைவு. ஆனால் எதிர்த் தரப்பைக் கலந்து கட்டி ஒரே ஆளாக்கும் வேலையை அவர் செய்யவில்லை. 1313இல் உமாபதி சிவாசாரியார் இயற்றிய சங்கற்ப நிராகரணம் இன்னும் நுட்பமானது. மாயாவாதம், ஐக்கியவாதம், பாடாணவாதம் என்று தொடரும் தரப்புகளில் ஒருவர் சொன்னதை அடுத்து வருபவரே மறுக்கும்படி சங்கிலியாகக் கோத்திருக்கிறார். சைவத்துக்கு வெளியே இருப்பவர்களைக் காட்டிலும் சைவத்துக்குள்ளேயே சற்று மாறுபட்டவர்களோடுதான் அதில் பெரும்பகுதி வாதம் நடக்கிறது.

அதற்குள் தமிழ்நாட்டு அவைகளில் பௌத்தர் அரிதாகிவிட்டார்கள், ஆசீவகர் மறைந்துகொண்டிருந்தார்கள், உலகாயதர் தமக்கென ஒரு தமிழ் நூலையும் விட்டுச் செல்லவில்லை. பரபக்கத்தின் எதிர்வாதிகளில் பலர் எழுந்து நின்று, நான் அப்படிச் சொல்லவில்லை என்று கூற முடியாதவர்கள். மடங்களில் சித்தியார் பாடம் தொடர்ந்து நடந்தது; உரைகளும் பெருகின. ஆனால் பெருகியவை சுபக்க உரைகள். அறுவர் உரை என்று பின்னால் அச்சில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டவை எல்லாம் சுபக்கத்துக்கு எழுந்தவை. பரபக்கத்துக்கு உரைகள் சில உண்டு என்றாலும், 18ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான சிவஞான முனிவரே சுபக்கத்துக்கு மட்டும் உரை எழுதினார். இல்லாத எதிராளியின் கொள்கையைக் கற்பது நாளடைவில் சடங்காகும். தன் கொள்கையை மட்டும் கற்ற மாணவருக்கோ, அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்பதே தெரியாமல் போகும்.

எதிராளி கிடைக்காத இடத்தில் வாதம் உள்முகமாகத் திரும்பியது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் (மறைவு 1785) கண்டன நூல் என்ற வகையைத் தமிழில் உச்சத்துக்குக் கொண்டுசென்றார். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து இலக்கண விளக்கச் சூறாவளி. யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாசரின் சித்தியார் உரையை மறுத்துச் சிவசமவாத உரை மறுப்பு. சித்தியாரில் வரும் ‘எடுத்து’ என்ற ஒரே சொல்லுக்காக ஒரு தனி நூலே எழுந்தது. கருத்தளவில் இரு தரப்புக்கும் இடையே இருந்த தூரம் குறுகக் குறுகச் சொற்களின் சூடு ஏறியது. ஆனாலும் சூறாவளி வெறும் வசை நூல் அல்ல. மறுக்கும் நூற்பாவை எடுத்துக் காட்டி, குறையைக் காரணத்தோடு சொல்லும் ஒழுங்கு அதில் உண்டு. 1889இல் இலக்கண விளக்கத்தைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரையில் அந்நூலுக்காக வாதாடினார். ஒரு நூற்றாண்டு கழிந்தும் வழக்கு முடிந்திருக்கவில்லை.

அச்சு இயந்திரம் எதிராளியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1835இல் இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடைகள் நீங்கின. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1841இல் தொடங்கிய உதயதாரகை சைவர்களின் கடிதங்களுக்கும் இடமளித்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர் (1822–1879), கிறித்தவ வேதத்தை அதை நம்புபவர் அளவுக்கு அறிந்திருந்தார். வண்ணார்பண்ணையில் 1849இல் சொந்த அச்சகம் அமைத்தார். 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில், சைவக் கோயில் வழிபாட்டைப் பாதிரிமார் பழித்த ஒவ்வொன்றுக்கும் பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்தே இணையான சடங்குகளை எடுத்து முன்வைத்தார். எதிராளியின் நூலிலிருந்தே சான்று காட்டும் பழைய பூர்வபட்ச முறைதான். பாதிரிமார் அதைப் படித்தார்கள். அலட்சியம் செய்ய முடியவில்லை.

அதே நாவலர் சைவத்துக்குள் நடத்திய போர் வேறு விதமாகப் போயிற்று. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருவருட்பா என்ற பெயரில், திருமுறை என்ற பகுப்போடு அச்சிட்டார். தேவாரம் முதலான திருமுறைகளுக்கே உரிய தகுதியை வாழும் ஒருவரின் பாடல்களுக்குக் கொடுப்பதா என்பது நாவலர் கேள்வி. கேட்கத்தக்க கேள்விதான், அதற்கு அளிக்கத்தக்க விடைகளும் இருந்தன. ஆனால் போலியருட்பா மறுப்பு வெளிவந்த பிறகு கேள்வி பின்னுக்குப் போய் ஆட்கள் முன்னுக்கு வந்தார்கள். துண்டுப் பிரசுரத்துக்கு எதிர்ப் பிரசுரம், அதற்கொரு மறுப்பு என்று அச்சகங்களுக்கு வேலை கிடைத்தது. 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கே போனது. அடிகள் 1874இல் மறைந்தார். நாவலர் 1879இல் மறைந்தார். சண்டை மறையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா. கதிரைவேற்பிள்ளை எதிர்ப் பக்கத்திலும், பின்னாளில் மறைமலையடிகள் ஆன வேதாசலம் பிள்ளை ஆதரவுப் பக்கத்திலும் நின்று அதைத் தொடர்ந்தார்கள். அப்போதும் நீதிமன்றம் உண்டு. அருட்பாவா மருட்பாவா என்ற கேள்விக்கு விடை சொல்வதன் மூலம் ஒருவர் தாம் எந்த அணி என்று அறிவித்துக்கொண்டார். கண்டனங்களை வாங்கிப் படித்தவர்களில் பெரும்பாலோர் தம் அணிக் கண்டனங்களையே படித்திருப்பார்கள் என்று ஊகிக்க அவற்றின் நடையே போதும். மறுதரப்பை இணங்கவைக்க எழுதியவர் அப்படி எழுத மாட்டார்.

அந்த நாற்பதாண்டுக் கூச்சலுக்கு நடுவே அமைதியாக ஒன்று நிகழ்ந்தது. சென்னையில் 1882இல் தத்துவ விவேசினி என்ற வார இதழை நாத்திகர்கள் தொடங்கினார்கள். பரபக்கத்தின் வரிசையில் எப்போதும் முதலில் நிறுத்தப்பட்டு முதலில் மறுக்கப்பட்ட உலகாயதத் தரப்பு, தமிழில் தன் பெயரில் தானே பேசியது. இதழ் 1888 வரை நடந்தது.

எதிர்வாதிகள் நேருக்கு நேர் நின்ற பெரிய நிகழ்வுகளுக்கு அண்டை நாட்டில் முன்மாதிரி இருந்தது. 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய நாள்களில் இலங்கையின் பாணந்துறையில் பௌத்தத் துறவி மிகெட்டுவத்தே குணானந்த தேரர் ஒரு பக்கமும், டேவிட் டி சில்வா, சிறிமான்ன ஆகிய கிறித்தவப் போதகர்கள் மறுபக்கமும் ஆயிரக்கணக்கான மக்கள் முன் வாதிட்டார்கள். நிபந்தனைகள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டன. ஒருவர் பேசிய பின் மற்றவர் என்று முறை வைக்கப்பட்டது. வெற்றி தோல்வியை அறிவிக்க நடுவர் இல்லை. இரு தரப்பின் பேச்சும் ஆங்கிலத்தில் அச்சேறியதால், அங்கே இல்லாதவர்களும் இரண்டையும் வைத்து ஒப்பிட முடிந்தது. அமெரிக்காவில் அதைப் படித்த, பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1880இல் இலங்கைக்கு வந்தார்.

தமிழ்நாட்டில் அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது 1943இல் நடந்தது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் சொல்லிவந்த காலம். பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக்கல்லூரியில் சி. என். அண்ணாதுரை ஒரு பக்கமும் ரா. பி. சேதுப்பிள்ளை மறுபக்கமும் பேசினார்கள். மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதி எதிர்வாதி. அணி பிரிந்து நின்ற காலத்தில் இவ்விரு கூட்டங்களும் நடந்ததே வியப்பு. சேலத்தில் எதிரெதிராக நின்ற இருவரும் ஐந்தாண்டுகளுக்கு முன் இந்தி எதிர்ப்பில் ஒரே பக்கம் நின்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கேள்வியில் உடன்பட்டவர் மறு கேள்வியிலும் உடன்பட்டாக வேண்டும் என்று அவர்கள் கருதவில்லை. அண்ணாதுரை கம்பனைப் பாடல் பாடலாக எடுத்துக் காட்டியே பேசினார். கம்பனைக் கற்காதவர் செய்யக்கூடிய வேலை அல்ல அது. அந்த வாதங்கள் ‘தீ பரவட்டும்’ என்ற தலைப்பில் நூலாக வெளிவந்தன.

இன்று பட்டிமன்றம் என்று அறியப்படும் வடிவத்துக்கு உருக்கொடுத்தவை இலக்கிய விழாக்கள். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், அதைப் பின்பற்றி ஊர் ஊராகத் தோன்றிய கழகங்களும் அதற்கு மேடை தந்தன. குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக அமர்ந்தார்கள். கற்பில் சிறந்தவர் கண்ணகியா மாதவியா என்பது போன்ற தலைப்பு, பக்கத்துக்கு மூவர், முடிவில் நடுவர் தீர்ப்பு என்று முறை நிலைத்தது. யார் எந்த அணி என்பதை விழாக்காரர் முடிவு செய்வார். இந்த ஊரில் கண்ணகிக்கு வாதாடியவர் அடுத்த ஊரில் மாதவிக்கு வாதாடுவார். இரண்டுக்கும் கைதட்டல் உண்டு. வழக்காடு மன்றமும் சுழலும் சொல்லரங்கமும் இதன் கிளைகள். 1990களில் தனியார் தொலைக்காட்சிகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றத்தை வழக்கமாக்கியபோது, தலைப்புகள் காப்பியத்தை விட்டுக் கணவன் மனைவி, மாமியார் மருமகள் என்று வீட்டுக்குள் வந்தன. சாலமன் பாப்பையாவும் திண்டுக்கல் லியோனியும் வீட்டுப் பெயர்கள் ஆனார்கள். சமயமும் சாதியும் கட்சியும் பெரும்பாலும் அந்த மேடைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. தீர்ப்பு வழக்கமாக இரு அணிக்கும் மனம் கோணாதபடி அமைகிறது.